தினகரனின் முறை

பொன்னேரியில் இருந்து வந்த பஸ் பழவேற்காட்டில் நின்றபோது மதியம்தான். ஆனால் வானத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. ஐப்பசியில் அடைமழைக்கு முன்னால் ஏரி மேல் ஓர் அழுக்கு வெளிச்சம் வந்து படுத்துக்கொள்ளுமே, அது. விடிகிறதா இருட்டுகிறதா என்று கோழிக்கே குழப்பம் வந்துவிடும். அர்ச்சனா தூறலுக்குப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தன் ஊரான கோட்டைக்குப்பம் வரை ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ஹாஸ்டலில் தங்கி கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிற பெண். மாசி மாதத்துக்குப் பிறகு வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த மாசியில்தான் அவளுடைய அண்ணன் தினகரனும், நைனா என்று அவர்கள் கூப்பிடும் அப்பா குப்பனும் போன படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. ஏரி கடலோடு போய்ச் சேரும் அந்த வாயில் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நைனா கரை சேர்ந்தார். தினகரன் சேரவில்லை. சுண்ணாம்புக்குளம் வரை போய்த் தேடினார்கள், ஆந்திரா பக்கமும் சொல்லி வைத்தார்கள். உடம்பு கிடைக்கவே இல்லை.

இன்றைக்கு அவள் வந்ததற்குக் காரணம் அம்மா கஸ்தூரியம்மாளின் போன்.

"சாயங்காலம் ஊர்க்கூட்டம்டி. மாசிக்கப்புறம் இப்பதான் முறை கூப்புடுறாங்க. உங்க நைனா வாயத் தொறக்க மாட்டாரு. நீ வந்து பக்கத்துல நில்லு, அது போதும்."

ஏரிதானே, எங்கே வேண்டுமானாலும் வலை போடலாம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். நடக்குமா? இறால் ஓடுகிற தண்ணீருக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாடு என்றைக்கு யாருக்கு என்று ஊர் கூடித்தான் சொல்லும். தலைவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஆள் இருந்தால் "கீறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். வெளியூர் போயிருந்தால் வீட்டார் "கீறான்" என்பார்கள். செத்துப்போயிருந்தால் வீட்டில் ஒருவர் எழுந்து நின்று "இல்ல" என்று சொல்ல வேண்டும். அந்தப் பெயரை அதற்கப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள். உடம்பு கிடைக்காதவனுக்குக் கொள்ளி, காரியம் எல்லாமே அந்த ஒரு சொல்தான். அதைத்தான் குப்பனால் சொல்ல முடியாது என்று கஸ்தூரியம்மாள் பயந்தாள்.

கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார முடியாமல் அர்ச்சனா பின்பக்கம் வாடிக்குப் போனாள். வலையும் மோட்டாரும் போட்டுவைக்கிற ஓலைக்கொட்டகை அது. ஏரித் தண்ணீர் அதன் வாசலை நக்கிக்கொண்டு கிடக்கும். உள்ளே டீசல் வாடையும் காய்ந்த பாசி வாடையும் கலந்து அடித்தன. வலை மூட்டை மேல், அரிசிப் பைக்குள் சுற்றி வைத்தபடியே இருந்தது அந்த லேப்டாப்.

அந்த லேப்டாப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளியில் அர்ச்சனாவுக்கு இலவசமாகக் கிடைத்தது. அதை ஒருநாள் தினகரன் படகில் எடுத்துக்கொண்டு போய் ஏரியில் போட்டுவிட்டான். உப்புத்தண்ணீர் குடித்த பிறகும் அது பிழைத்ததே பெரிய விஷயம், பாதிக் கீ செத்துப்போனது.

"பாழாப் போனவனே, இதுல இன்னாத்த எழுதுறது?" என்று அர்ச்சனா அழுதாள்.

"கீறத வெச்சு எழுது" என்றான் அவன்.

அப்படித்தான் அந்தப் பைத்தியக்கார ஆட்டம் தொடங்கியது. ஒருவர் ஒரு சொல் கொடுப்பார். மற்றவர், உயிரோடு இருக்கும் குறிகளை மட்டும் வைத்து அந்தச் சொல்லைத் திரையில் வரவழைக்கிற நிரலை எழுத வேண்டும். எழுதி ஜெயித்துவிட்டால், சொல் கொடுத்துத் தோற்றவர் பழி தீர்த்துக்கொள்ளலாம். விசைப்பலகையில் இருந்து ஏதாவது ஒரு குறியைப் பிடுங்கிவிடலாம். அடுத்த ஆட்டம் அதுவும் இல்லாமல் நடக்கும். எழுத்துகள் போயின. எண்களைத் தொடக் கூடாது என்று சட்டம் வந்தது. இரண்டு பேரில் யார் கெட்டிக்காரர் என்று கேட்டால் இரண்டு பேரும் தன் நெஞ்சைத்தான் தட்டிக் காட்டுவார்கள். கடைசியில் ஆறே குறிகள் மிஞ்சின. இரண்டு சதுர அடைப்பு, இரண்டு வளைந்த அடைப்பு, ஒரு கூட்டல், ஓர் ஆச்சரியக்குறி.

இந்த ஆறை வைத்துக்கொண்டு உலகத்தில் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம் என்பது அந்தக் கிறுக்குப் பிடித்தவர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டரைக் கோணல்மாணலாகக் கேள்வி கேட்டு, அது தானாகச் சொல்கிற சொற்களில் இருந்து ஓர் எழுத்தைக் கிள்ளி எடுக்க வேண்டும். கிள்ளிக் கிள்ளிக் கோக்க வேண்டும். ஒரே ஒரு 'a'வுக்கு இவ்வளவு:

(![]+[])[+!+[]]

அதில் நிற்கிற ஆச்சரியக்குறிக்கு அந்த மொழியில் ஆச்சரியம் எல்லாம் கிடையாது. 'இல்லை' என்றுதான் அர்த்தம். எதற்கு முன்னால் போட்டாலும் அதை மறுத்துவிடும். தினகரனுக்கு அந்தக் குறியைக் கண்டாலே ஆகாது.

"எப்பப் பாரு இல்ல இல்லன்னுக்கினு. ஒருநா இத்தப் புடுங்கிப் போட்டுட்டு அஞ்சுலயே எழுதிக் காட்டுறேன், பாக்குறியா?" என்பான்.

மாசியில் அந்தக் கடைசி நாளில் அவனுக்கு எழுத வேண்டிய முறை. அர்ச்சனா கொடுத்த சொல் நைனா. ஆங்கில எழுத்தில் ஐந்தே எழுத்து.

"வந்து எழுதுறேன். நேரமாச்சு, நைனா கூப்புடுது" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான்.

அவள் லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுத் திறந்தாள். கறுப்புத் திரையில் அவர்கள் விளையாடும் இடம் அப்படியே காத்திருந்தது. வெறும் கோடு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க முடியவில்லை. திறந்தபடியே விட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போனாள்.

கோயில் முன்னால் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். மழை அதன் மேல் சடசடவென்று கொட்டியது. தலைவர் ஜெகதீஸ்வரன் நின்றுகொண்டு பெயர்களைக் கூப்பிட்டார். "கீறேன்", "கீறான்" என்று குரல்கள் எழுந்தன. யாரோ ஒருவன் தூங்கிப்போய்ப் பக்கத்து ஆள் குத்த, அலறிக்கொண்டு "கீறேன்" என்றதில் கூட்டம் சிரித்தது.

"குப்பன் மகன் தினகரன்."

சிரிப்பு நின்றது. நைனா தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பெண்கள் பக்கத்தில் கஸ்தூரியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"குப்பன் மகன் தினகரன்" என்றார் தலைவர், கொஞ்சம் மெதுவாக.

நைனாவின் கழுத்து நரம்பு புடைத்தது. ஊரே அவர் வாயைப் பார்த்தது. அந்தச் சொல்லை அவர் வாயில் இருந்து பிடுங்குகிறார்களே, மனுஷன் இங்கேயே செத்துவிடுவாரே என்று அர்ச்சனாவுக்குப் பொறுக்கவில்லை. அவள் எழுந்தாள்.

"கீறான்!"

ஜெகதீஸ்வரன் திரும்பிப் பார்த்தார். "எம்மா... தெரிஞ்சுதான் சொல்றியா?"

"கீறான்" என்றாள் மறுபடியும். அழுகை வரும்போது வருமே ஒரு வீம்பு, அந்த வீம்பு.

தலைவர் ஏரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

கூட்டம் கலையும்போது பக்கத்து வீட்டு ருக்கு வந்து கையைப் பிடித்தாள். இறால் வியாபாரம் செய்கிற, ஊர் முழுக்கக் கேட்கும் குரல் கொண்ட ருக்கு. அன்றைக்குக் குசுகுசுவென்று பேசினாள்.

"இன்னா காரியம் பண்ணிட்டடி. கீறான்னு சொன்னவன் எடத்துல வேற எவன் உக்காருவான்? இனிமே உங்க நைனாகூட ஒருத்தனும் படகுல ஏற மாட்டான். அவன் முறைக்கு அவன்தான் வரணும்."

"வரட்டுமே" என்றாள் அர்ச்சனா.

ருக்கு கையை விட்டுவிட்டாள்.

வாடிக்குத் திரும்பினபோது மழை நின்றிருந்தது. ஓலையில் இருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. திரை முழுக்கக் குறிகள். அடைப்பும் கூட்டலும் ஆச்சரியக்குறியுமாக நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது. அடியில் அதன் விடை.

naina

முதலில் அவளுக்குப் பயமே வரவில்லை, நம்புங்கள். சந்தோஷம்தான் வந்தது. எழுதியிருந்த விதம் அவளுக்குத் தெரியும். குறுக்கு வழி இருக்கும் இடத்தில் சுற்றிக்கொண்டு போகிற அந்தக் கிறுக்குத்தனம் ஊரில் ஒருத்தனுக்குத்தான் உண்டு. "அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே விசைகளின் மேல் கையை வைத்தாள்.

விசைகள் ஈரமாக இருந்தன.

விரலை முகர்ந்தாள். மழைத் தண்ணீர் இல்லை. ஏரியின் அடிச்சேறு.

தோற்றவர் ஒரு குறியைப் பிடுங்க வேண்டும் என்பது ஆட்டச் சட்டம். அர்ச்சனா பிடுங்கவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். அன்றைக்குக் காலேஜுக்குத் திரும்பவும் இல்லை, ஹாஸ்டலுக்கு ஏதோ பொய் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

தினகரனின் முறை வந்தது. ருக்கு சொன்னபடியே நைனாவோடு போக ஆள் இல்லை. தனியாகப் படகைத் தள்ளினார். இரண்டு ஆள் இல்லாமல் வலையை வளைக்கவே முடியாது. வெறும் கையோடு வருவார் என்று கஸ்தூரியம்மாள் பழைய சோற்றை எடுத்துவைத்தாள். அவரோ கூடை தளும்பத் தளும்ப இறாலோடு வந்தார். முகத்தில் மாசிக்குப் பிறகு காணாத ஒரு தெளிவு.

"இன்னோரு தட்டு எடு" என்றார்.

"யாருக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே கையைக் கழுவப் போனார்.

அடுத்த முறைக்கு அர்ச்சனா கரையில் போய் நின்றாள். நைனா படகில் ஏறிப் பின்பக்கம் உட்கார்ந்தார். படகு அவர் பக்கம் தாழ்ந்தது, சரி. அப்புறம் முன்பக்கம் தாழ்ந்தது. அங்கே யாரும் இல்லை. ஒரு ஆள் ஏறி, கால் மாற்றி, இடம் பார்த்து உட்கார்ந்தால் எப்படி ஆடுமோ அப்படி ஆடி அடங்கியது.

"படகு ஏன்டி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு போவுது?" என்றாள் கூடையோடு வந்த ருக்கு. கேட்டவளுக்கே பதில் தெரிந்துவிட்டது. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஒவ்வொரு முறையும் வாடியில் திரை புதிதாக எழுதியிருந்தது. அதே ஐந்து எழுத்து. ஒன்றன் கீழ் ஒன்றாக நைனா, நைனா, நைனா. விளையாட்டுக்கு விடை எழுதியவன் இப்போது கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்று அர்ச்சனாவுக்குப் புரிந்தது. படகும் ஒவ்வொரு முறையும் வலை போடும் பாட்டைத் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே போனது. கிழக்கேதான் முகத்துவாரம்.

அவள் ஜெகதீஸ்வரன் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"நான் சொன்னது தப்புங்க. இல்லன்னு மாத்திடுங்க."

"அடுத்த கூட்டத்துல எழுந்து சொல்லும்மா. தை பொறக்கட்டும்."

"அதுக்குள்ள எங்க நைனாவ இட்டுக்கினு போயிடும்."

"நீ சொன்னத ஊரு கேட்டுச்சு. கேக்கக் கூடாதவனும் கேட்டுட்டான். நான் இன்னா பண்றது?" என்றார். குரலில் கோபம் இல்லை, பாவம், அவருக்கும் பயம்தான்.

வீட்டில் நைனா மோட்டாருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற ஆளைப் பார்க்கிற மாதிரி ஒரு பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு.

"நாளைக்கு முகத்துவாரம். அங்கதான் கெடக்குதாம் நல்ல இறாலு. கூப்புடுறான்."

"நைனா, புயல் சின்னம்னு சொல்லிக்கீறாங்க. யாரும் எறங்கல."

"அவன் கீறான் இல்ல, பாத்துப்பான்."

அர்ச்சனா அவர் முன்னால் மண்டியிட்டாள். மாசியில் இருந்து வாயில் வராத சொல்லை அன்றைக்குத்தான் சொன்னாள். "நைனா, அண்ணன் செத்துப்போச்சு."

அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. எண்ணெய்க் கையால் அவள் கன்னத்தைத் தொட்டார்.

"நீதானே பாப்பா சொன்ன, கீறான்னு? ஊருக்கே கேட்டுச்சே."

மறுநாள் மதியம் ஏரி ஈயம்போல் கிடந்தது. காற்று ஒருபக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கரையில் ஒரு படகும் கட்டு அவிழ்க்கவில்லை. கஸ்தூரியம்மாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு மணலில் கிடந்தாள். அவர் மெதுவாக, மரியாதையாக, விரல் விரலாக அந்தக் கையைப் பிரித்துவிட்டுப் படகைத் தள்ளினார். முன்பக்கம் தாழ்ந்தது.

"இல்ல!" என்று கத்தினாள் அர்ச்சனா. "நைனா, அவன் இல்ல! வந்துடு!"

காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது. மோட்டார் சத்தம் கிழக்கே நகர்ந்தது.

எத்தனை கத்தினாலும் அவன் காதில் ஏறப்போவதில்லை. அவன் பேசுவதும் கேட்பதும் ஒரே ஒரு இடத்தில்தான். அவள் வாடிக்கு ஓடினாள்.

உள்ளே அந்தச் சேற்று வாடை மூச்சை அடைத்தது. திரையில் குறிகள் அவள் கண்ணெதிரே வந்துகொண்டிருந்தன.

விசைகள் தானாக அமுங்கின.

ஏரியில் கையால் இறால் பிடிப்பவர்கள் சேற்றைத் தடவிக்கொண்டே போவார்களே, அந்த மாதிரி எதுவோ ஒரு விசையைத் தொட்டு, அழுத்தி, அடுத்ததற்கு நகர்ந்தது. ஒவ்வொரு விசையும் மேலே எழும்போது அதன் அடியில் இருந்து தண்ணீர் கசிந்தது.

naina

naina

அவள் விரல்களை விசைகளின் மேல் வைத்தாள்.

அங்கே ஏற்கெனவே விரல்கள் இருந்தன.

ஐஸ் பெட்டிக்குள் கையை விட்ட மாதிரி இருந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை அவள். எடுத்தால் நைனா இல்லை. அந்தக் குளிர்ந்த விரல்களைத் தள்ளிக்கொண்டு, இடுக்கில் நுழைந்து, ஒவ்வொரு குறியாக அடித்தாள். நீ இல்ல. அவ்வளவுதான் எழுத வேண்டும். n கிடைத்தது, e கிடைத்தது. 'இல்ல'வுக்கு l வேண்டும். அது ஆச்சரியக்குறி போட்டால் வருகிற false என்கிற மறுப்புச் சொல்லில் மட்டும்தான் இருக்கிறது. அவனுக்குப் பிடிக்காத குறி. அதை அமுக்கும்போதெல்லாம் கீழே இருந்து எதுவோ எதிர்த்துத் தள்ளியது. இரண்டு கட்டைவிரலாலும் ஊன்றி அழுத்தினாள். கண்ணீர் திரையை மறைத்தது. தலைகீழாகக் கேட்டாலும் எழுதக்கூடிய கை, தப்பில்லாமல் எழுதி முடித்தது.

கடைசி விசையைத் தட்டினாள்.

nee illa

எல்லாம் நின்றது. விசைகள் அமுங்குவது, தண்ணீர் கசிவது, காற்றில் ஓலை படபடப்பதுகூட.

அவள் பிடரிக்குப் பின்னால் யாரோ அதைப் படித்தார்கள். படித்துவிட்டு மூச்சை இழுத்தார்கள். சின்ன வயதில் அடி வாங்கிவிட்டு அழாமல் இருக்கப் பார்ப்பானே தினகரன், அதே இழுப்பு.

"போயிடுண்ணா" என்றாள். "தயவுபண்ணிப் போயிடுண்ணா. நைனாவ வுட்டுடு."

ஏரியில் மோட்டார் சத்தம் அறுந்தது. பிறகு மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை கரையை நோக்கி.

படகு நேராக வந்தது. முன்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு, ஒற்றை ஆள் ஓட்டுகிற படகு எப்படி வருமோ அப்படி. நைனா இடுப்புத் தண்ணீரில் குதித்து, தள்ளாடி வந்து மணலில் விழுந்து, மாசியில் அழ வேண்டிய அழுகையை அன்றைக்கு அழுதார். "போயிட்டான்டி, எம்புள்ள போயிட்டான்டி" என்று கஸ்தூரியம்மாளைக் கட்டிக்கொண்டு அடித்தொண்டையில் இருந்து அழுதார். ருக்கு வந்து சேர்ந்துகொண்டாள். ஊரே வந்து அழுதது. அர்ச்சனா தள்ளி நின்று பார்த்தாள். அண்ணனை அவள் கையாலேயே கொன்ற மாதிரி இருந்தது. ஆனால் நைனா உயிரோடு இருந்தார்.

அதன் பிறகு வீடு வீடானது. புயல் ஆந்திரா பக்கம் போய்விட்டது. நைனா ஒரே தட்டில் சாப்பிட்டார், வாடி வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்தினார். தைக் கூட்டத்தில் தானே எழுந்து சொல்வதாக ஜெகதீஸ்வரனிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். கஸ்தூரியம்மாள் மகனின் படத்துக்கு முதல்தடவையாகப் பூ வைத்தாள். காலேஜில் இருந்து போன் மேல் போன். அர்ச்சனா துணிகளை எடுத்துவைத்தாள்.

கிளம்புகிற அன்றைக்கு வெயில்கூட அடித்தது. லேப்டாப்பைப் பையில் சுற்றி எங்காவது புதைத்துவிடலாம் என்று வாடிக்குப் போனாள். வாசலில் நைனா வலையோடு உட்கார்ந்திருந்தார். "பஸ்ஸுக்கு நேரமாவுது பாப்பா" என்றார். "தோ, ஆச்சு நைனா" என்று உள்ளே நுழைந்தாள்.

நுழைந்ததும் அந்த வாடை.

ஆட்டச் சட்டம் அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுதி ஜெயித்தவள் அவள். பிடுங்க வேண்டிய முறை அவனுடையது.

மெதுவாகத் திறந்தாள். விசைப்பலகையில் ஆச்சரியக்குறி இருந்த இடம் பள்ளமாக இருந்தது. பள்ளம் நிறைய ஈரச்சேறு. திரையில் அவள் எழுதினதற்குக் கீழே புதிதாக ஒரு நீண்ட வரி. குறி குறியாகப் படித்தாள். ஒரு துண்டு இப்படி இருந்தது:

(+[][[]]+[])[++[[]][+[]]]

அதுவும் ஒரு 'a'தான். அதில் ஆச்சரியக்குறி இல்லை. வரி முழுக்கத் தேடினாள், எங்கேயும் இல்லை. சொன்ன மாதிரியே அஞ்சுலயே எழுதிவிட்டான். அடியில் விடை நின்றது.

naina

அவள் சேற்றுக்குள் விரலை விட்டு அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். நகம் கிழியும்வரை தோண்டி அழுத்தினாள். ஒரு புள்ளிகூட விழவில்லை. மிச்சமிருக்கும் ஐந்து குறியில் அவனுக்கு இனி 'இல்ல' என்று சொல்ல அவளுக்கு வழி தெரியவில்லை.

"நைனா" என்று கூப்பிட்டாள்.

வெளியே வலை மணலில் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் படகு இழுபடும் சத்தம்.

"தோ வந்துட்டேன்டா கண்ணு" என்றார் நைனா, ஏரியைப் பார்த்து.